பச்சையம்மா மேடையேறினாள்

2003, ஜனவரி, ஞாயிறு

இன்று ஆரணியில் எங்கள் நாடகத்தின் முதல் காட்சி. பஸ் ஸ்டாண்டில் தூங்கும் பச்சையம்மாவைப் பேட்டி எடுத்த நிருபர் டிவியில் பிரபலமாகிவிடுகிறான், அவள் அங்கேயே கிடக்கிறாள். நடந்த கதைதான். நான் நிருபர், செல்வி பச்சையம்மா. நிஜப் பச்சையம்மாவை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தோம்.

பேட்டிக் காட்சியில் கேமரா வந்ததும் செல்வி தேம்பி அழுதாள். கீழேயிருந்து பச்சையம்மா கத்தினாள். “நான் எப்போ அழுதேன்? சிரிச்சிகினு இல்ல இருந்தேன்!”

கூட்டம் சிரித்தது. எனக்கு வசனம் மறந்துபோயிற்று. செல்விதான் கையை நீட்டி, “மேல வந்து நீங்களே சொல்லுங்கம்மா” என்றாள்.

வந்தவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். “எங்க தூங்கறே, என்னா துன்றேன்னே கேக்கறியே. எனக்கு என்னா புடிக்கும்னு கேட்டியா?”

நிஜமாகவே கேட்டேன். “என்னம்மா புடிக்கும்?”

“பாட்டு.”

நடவுப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டாள். கைதட்டல் அடங்கவே இல்லை.

முடிந்ததும், “அடுத்த வாட்டியும் நான்தான?” என்று கேட்டாள்.

“நீங்கதாம்மா. நான் நிருபரா நடிக்கிறேன்” என்றாள் செல்வி.

அப்போ நான்? யாரும் சொல்லவில்லை. இன்றைக்குப் பச்சையம்மா செல்வி வீட்டில் தூங்குகிறாள். நாளைக்கு எங்கே என்பதை நாங்கள் இன்னும் பேசவில்லை. படுத்தாலும் சிரிப்பு வருகிறது. திரை இழுக்கும் வேலையாவது கொடுப்பார்கள்.