மாடசாமி பீடத்தில் புதைந்திருக்கும் விமானத் தகட்டின் முறிந்த முனை

அனுப்புநர்:
ச. பால்வண்ணநாதன், வயது 65,
ஓய்வு பெற்ற நாளிதழ்ச் செய்தியாளர்,
இலத்தூர், தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தென்காசி.

பொருள்: 1958ஆம் ஆண்டு குற்றால மலை விமான விபத்து – ஐந்தருவி அருகே மாடசாமி பீடத்தில் நடப்பட்டுள்ள புரொப்பல்லர் தகட்டின் அடிமுனையைத் தோண்டிப் பார்வையிட அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 22.12.2025 அன்று பெறப்பட்ட விசாரணை அறிக்கையின் நகல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. விபத்துக்குள்ளான விமானத்தின் வலப்பக்க புரொப்பல்லரில் மூன்று தகடுகள் இருந்தன. அவற்றில் ஒன்று கிடைக்கவே இல்லை. பார்வையில் கண்ட அறிக்கையின் 14ஆம் பக்கம் இதைச் சொல்கிறது. அறுபத்தேழு ஆண்டுகளாக வெளியே தெரியாமல் இருந்த தகவல் இது.

2. மதுரையிலிருந்து திருவனந்தபுரம் சென்ற அந்தத் தனியார் நிறுவன இரட்டை எஞ்சின் விமானம் 19.07.1958 காலை, சாரலும் மேகமும் மூடிய மலைச்சரிவில் மோதியது. ஆறு பேரும் இறந்தனர். எரிபொருளில் தண்ணீர் கலந்து வல எஞ்சின் நின்றதே காரணம் என்றும், தண்ணீரை வடிக்காமல் விட்டவர் மெக்கானிக் அய்யாத்துரை என்றும் விசாரணை முடிந்தது. அச்சன்புதூரைச் சேர்ந்த அவர் வேலையையும் உரிமத்தையும் இழந்தார்.

3. தினமும் விமானம் கிளம்பும் முன் தொட்டியின் அடியிலிருந்து சிறிது எரிபொருளைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது அக்கால வழக்கம். தண்ணீர் இருந்தால் அடியில் முத்தாகத் திரளும். அன்று காலை 6.10க்கு “நீர் இல்லை” என்று எழுதி அய்யாத்துரை கையொப்பமிட்ட பதிவேட்டின் நகல் இதே அறிக்கையின் பின்னிணைப்பில் இருக்கிறது. வேறு காரணம் கிடைக்காததால் அது பொய்ப்பதிவு எனக் கொள்ளப்பட்டது.

4. எரிபொருளில் தண்ணீர் வந்தால் எஞ்சின் திணறி அடங்கும். தகடு முறிந்து பறந்தால் சமநிலை கெட்டு எஞ்சின் முழுவதும் உதறும். அன்று இலத்தூர் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த வடிவம்மாளுக்கு அப்போது வயது பதினான்கு. அவர் என்னிடம் சொன்னது: “மோட்டாரு நிக்கல தம்பி. டமார்னு ஒரு சத்தம். பெறவு தடதடன்னு ஆடிக்கிட்டேல்லா போச்சு.” அவரை அன்று யாரும் விசாரிக்கவில்லை.

5. விபத்துக்குச் சில மாதங்கள் கழித்து விறகுக்குப் போனவர்கள் மலையிலிருந்து ஓர் உலோகத் தகட்டைச் சுமந்து வந்தார்கள். அது அவர்களுக்கு வேலாகத் தெரிந்தது. கூர்ந்த பக்கம் மேலே இருக்க, முறிந்த பக்கத்தை மண்ணுக்குள் விட்டு மாடசாமிக்கு நட்டார்கள். யாருக்கும் எதையும் மறைக்கும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. விசாரணைக்கு எது தேவைப்பட்டதோ அதுவே பீடத்துக்குள் போய்விட்டது. ஒவ்வொரு கொடை விழாவிலும் அதற்கு எண்ணெயும் சந்தனமும் பூசப்படுகிறது. 28.12.2025 அன்று பூசாரி முன்னிலையில் அளந்தேன். அகலமும், நுனியில் உள்ள மஞ்சள் பட்டையும் அறிக்கையின் 9ஆம் பக்கக் குறிப்போடு ஒத்துப்போகின்றன.

6. உலோகவியல் பேராசிரியர் ஒருவர் அதை நேரில் பார்வையிட எழுத்துமூலம் இசைந்துள்ளார். நாள்பட்ட விரிசல் என்றால் முறிவில் மரத்தின் வளையங்கள் போலக் கோடுகள் இருக்கும் என்கிறார். பாறையில் மோதி முறிந்தது என்றால் அவை இரா. இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது.

7. என் பிழையையும் பதிவு செய்ய வேண்டும். 1988இல் விபத்தின் முப்பதாம் ஆண்டுச் செய்தியில் “மெக்கானிக்கின் அலட்சியம்” என்று எழுதியவன் நான். மறுநாள் அய்யாத்துரை அலுவலகம் வந்தார். “அந்த ரிப்போர்ட்ட நீங்க பாத்தியளா தம்பி?” என்று கேட்டார். இல்லை என்றேன். “நானும் பாக்கல. ஊரே வாசிச்ச மாதிரில்லா பேசுது” என்று சொல்லிப் போய்விட்டார். 1991இல் காலமானார். நான் மறுப்பு வெளியிடவில்லை.

8. அவர் மகள் தங்கபுஷ்பத்துக்கு இப்போது வயது எழுபத்தேழு. பள்ளியில் “தண்ணி கலந்தவன் மவ” என்ற பெயரோடு படித்தவர். ஒரு மாதம் முன்பு அவரைச் சந்தித்தபோது இவ்வளவுதான் சொன்னார்: “அப்பா மேல தப்புன்னா தப்புன்னே எழுதுங்க. இந்தத் தடவ பாத்துட்டு எழுதுங்க.”

9. பூசாரி சங்கிலிப்பாண்டிக்கு மறுப்பில்லை. “மாடனுக்குக் குடுத்தத வெளிய கொண்டுபோவக் கூடாது அண்ணாச்சி. தோண்டிப் பாருங்க, பாத்துட்டு அங்கனயே நட்டுருங்க” என்கிறார். ஆனால் அந்த இடம் வன எல்லைக்குள் வருவதால், அனுமதியின்றி ஒரு பிடி மண்ணும் எடுக்கக் கூடாது என்று வனத்துறையினர் கூறிவிட்டனர். அவர்கள் சொல்வது சட்டப்படி சரி.

10. ஆகவே வனத்துறை, வருவாய்த்துறை அலுவலர்கள் முன்னிலையில் பீடத்தின் அடியில் ஒன்றரை அடி ஆழம் தோண்டி, முறிவைப் படமெடுத்து, அன்றே தகட்டை இருந்த இடத்தில் நட்டுவிட அனுமதி அளிக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

11. வனத்துறைக்கு அனுப்பிய விண்ணப்பத்தின் மீதான பதில் 19.01.2026க்குள் வரும் எனத் தெரிவித்துள்ளனர். அறிக்கையில் விடுபட்ட நான்கு பக்கங்களுக்கான மேல்முறையீடு 27ஆம் தேதி விசாரணைக்கு வருகிறது. பீடத்தைச் சீரமைத்து அடித்தளத்துக்குக் கான்கிரீட் போட ஊரார் குறித்திருக்கும் நாள் 02.02.2026, திங்கட்கிழமை.

நாள்: 05.01.2026
இடம்: தென்காசி

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ச. பால்வண்ணநாதன்

இணைப்பு: அறிக்கை நகல், பதிவேட்டு நகல், வடிவம்மாளின் வாக்குமூலம், பேராசிரியரின் கடிதம், 1988ஆம் ஆண்டு நான் எழுதிய செய்தி.