டிலக்சியின் ஆறாவது பிறந்தநாள்

அன்புள்ள மாமாவுக்கு,

மாதா காவலில் குவைத்தில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று நான் வேலை செய்கிற இந்த வீட்டுப் பிள்ளையோடு ஓடிப்பிடித்து விளையாடி, சாப்பாட்டு மேசைக் கதிரையோடு விழுந்துவிட்டேன். காயமில்லை. உங்கள் மகன் செத்துப்போன பிறகு நேற்றுத்தான் வாய்விட்டுச் சிரித்தேன்.

மகள் டிலக்சி போனில் அழுதாள். "அம்மா, அப்பான்ர ஆண்டுப் பூசை முடியாமல் கேக் வெட்ட ஏலாதாம். அப்பப்பா சொன்னவர்."

உங்களுக்கும் துக்கம்தான், அதனால்தான் அவளிடம் அப்படிச் சொன்னீர்கள். ஆனால் அவர் இருந்த காலத்தில் மகளின் பிறந்தநாளில் மீன்பிடிக்கக் கடலுக்கே போகமாட்டார். அவளைத் தோளில் வைத்து அல்லைப்பிட்டிக் கரையெல்லாம் சுற்றுவார். இதை உங்களிடம் போனில் சொல்ல எனக்கு வாய் வராது, அதுதான் எழுதுகிறேன்.

கேக் வெட்டுங்கோ மாமா. அயல்பிள்ளைகளையும் கூப்பிடுங்கோ. அப்போது போனைக் கிட்டப் பிடியுங்கோ, அவள் சிரிக்கிறது எனக்குக் கேட்க வேணும்.

மெடம் கூப்பிடுகிறா.

உங்கள் மருமகள்
மேரிசுகந்தி