போண்டாக் காகிதத்தின் மறுபாதி

என் பாக்கியம் அக்காவுக்கு,

நீ போன பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. இருந்தபோது எதிரெதிரே உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசினோம். கடிதத்துக்கு எங்கே வேலை இருந்தது?

முதலில் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மூன்று நாளாக மூடுபனி கலையவில்லை. ஃபேக்டரிச் சங்கு ஊதி வெகு காலமாகிறது. நீயும் நானும் தேயிலைத் தூளில் காம்பும் நாரும் பொறுக்கிய அந்த அறையின் வாசலில் இன்று காலை காட்டெருமைச் சாணம் கிடந்தது. அப்போதுதான் போட்டது, ஆவி பறந்துகொண்டிருந்தது. கவாத்து வெட்டாத தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டன, உள்ளே எது நின்றாலும் தெரிவதில்லை. போன வாரம் தண்ணீருக்குப் போன ஒருத்தி, செடிக்குள் ஏதோ மூச்சு விடும் சத்தம் கேட்டுக் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. நாளை சூரிய கிரகணம். உதிக்கும்போதே ஒரு பக்கம் குறைந்துதான் உதிக்குமாம். அதைப் பார்ப்பதற்கென்றே உன் மகள் செல்வி திருப்பூர் பனியன் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். என் வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நாம் இரண்டு பேரும் விஞ்ஞானிகளான கதை யாருக்குத் தெரியும்? பத்து மணி டீக்கு கேட் கடையிலிருந்து போண்டா வரும். கடைக்காரர் பழைய பேப்பரை இரண்டாகக் கிழித்துச் சுற்றித் தருவார். நீ போண்டாவை மடியில் வைத்துவிட்டுக் காகிதத்தைத்தான் முதலில் பிரிப்பாய். அறிவியல் துணுக்கு ஏதாவது இருந்தால் உன் முகத்திலேயே தெரிந்துவிடும். எப்போதும் அது பாதியில் கிழிந்திருக்கும். ஒருத்தி படிக்க வேண்டும், மற்றவள் மீதியைச் சொல்ல வேண்டும். சரியா தவறா என்று பார்க்க வழியே கிடையாது. அதுதான் நமக்கு வேடிக்கை.

வெள்ளிக் கிரகத்தில் ஒரு நாள் என்பது அதன் ஒரு வருடத்தை விட நீளம் என்று ஒரு முறை வந்தது. அங்கே ஒரு நாள் லீவு கேட்டால் சூப்பர்வைசர் என்ன ஆவார் என்று ஒரு வாரம் சிரித்தோம். ‘நிலா பூமியை விட்டு வருடா வருடம் கொஞ்சம் விலகி’ என்பதோடு இன்னொரு துண்டு நின்றுவிட்டது. “வெலகி எங்க போவப்போவுது? அதுவும் திருப்பூருக்குத்தான்” என்றாய். தேயிலை விலை விழுந்து லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக பஸ் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவரவர் தூளுக்குத் திரும்பினார்கள்.

அதே மாதம்தான் அந்த எட்டு நிமிடத் துண்டு வந்தது. ‘சூரியன் இந்த நொடி அணைந்துபோனால், எட்டு நிமிடம் கழித்துத்தான்’ என்று அதில் நின்றிருந்தது. ‘நமக்குத் தெரியும்’ என்று நான் முடித்தேன். நீ சிரிக்கவில்லை.

“அப்ப அந்த எட்டு நிமிசமும் நாம பாட்டுக்கு வேல செஞ்சுக்கிட்டு இருப்பமா புள்ள?” என்று கேட்டாய்.

இருந்தோம் அக்கா. சனிக்கிழமை வேலை நின்றது. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றார்கள். ஃபேக்டரியை மூடுவதென்று எங்கோ ஒரு மேசையில் அதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். நாம் அது தெரியாமல் குனிந்து காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். முன்பு ஒரு கிரகணத்தன்று நமக்கு வந்த துண்டு இப்போது என் முன்னால் இருக்கிறது. எண்ணெய்க் கறை காய்ந்து பழுப்பாகிவிட்டது. கிரகணத்தை வெறும் கண்ணால் பார்ப்பது ஆபத்து என்று அதில் முழுசாகப் போட்டிருக்கிறது. அடுத்த வரி, ‘மேகமோ மூடுபனியோ சூரியனை மறைத்திருக்கும் நேரத்தில்’ என்பதோடு கிழிந்துவிட்டது. நீ என்னைப் பார்த்தாய். என் முறை.

“அப்ப பயப்படாம பாக்கலாம்னு போட்டிருக்கும் அக்கா. மிஸ்ட்டுதான் மூடிக்குதே, அப்பறம் கண்ணாடி எதுக்கு?” என்றேன்.

கீழே சமவெளியில் இருப்பவர்களுக்கு இந்த எண்ணமே வராது. நாம் இங்கே வருடத்தில் பாதி நாள் பனிக்குள் சூரியனை வெள்ளைத் தட்டு மாதிரி நேருக்கு நேர் பார்த்து வளர்ந்தவர்கள். கண் கூசியதில்லை, தண்ணீர் வந்ததில்லை. அந்தத் தைரியத்தில் சொல்லிவிட்டேன். மறுபாதிக் காகிதத்தில் என்ன இருந்தது? அது அன்று யாருடைய போண்டாவைச் சுற்றியிருந்தது? என்னுடையதை நான் கை துடைத்து எறிந்தேனே, அதுவாக இருக்குமோ?

அன்று சாயங்காலம் கிரகண நேரத்தில் பனி மூடியிருந்தது, லயத்தில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. பிள்ளைத்தாய்ச்சிகளை உள்ளறையில் உட்கார வைத்திருந்தார்கள். ராகுவும் இல்லை கேதுவும் இல்லை, நிலா குறுக்கே வருகிறது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டே நீ ஃபேக்டரியில் லாரிக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றும் மேடையில் போய் நின்றாய். நானும் நின்றேன். ஆனால் நான் பார்க்கவில்லை அக்கா. உனக்கு இது தெரியுமா? கடைசி வரைக்கும் தலையைக் குனிந்து என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் மட்டும் அறிவியல் பேசியது, உள்ளே முழுக்கப் பயம். கடித்த பிஸ்கட் மாதிரி இருக்கிறது, கொஞ்சம்கூடக் கூசவில்லை என்று நீ பாதியிலிருந்து முடியும் வரை சொல்லிக்கொண்டே இருந்தாய். காகங்கள் ஒன்றுகூடக் கத்தவில்லை.

மறுநாள் வேலைக்கு உட்கார்ந்ததும் என்னை உற்றுப் பார்த்தாய். பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தாய்.

“ஒன் மூஞ்சி எங்க புள்ள? காது ரெண்டுந்தான் தெரியுது” என்றாய்.

குன்னூர்க் கண் முகாமுக்கு உன் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். சூரியனைப் பார்த்தீர்களா என்று டாக்டர் கேட்டார். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் திரைக்கு வலி தெரியாது, வெந்துபோனாலும் அப்போது தெரியாது, சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் தெரியும் என்றார். நீ என் பக்கம் திரும்பினாய். பிறகு, “இல்லீங்க டாக்டர்” என்றாய். உன் விரல்கள் என் விரல்களை அழுத்தின. நான் வாயைத் திறக்கவில்லை.

ஊரில் கிரகணம் பிடித்துவிட்டது என்றார்கள். வெளியே போய் நின்றவளை ராகு விடுவானா என்றார்கள். அதையெல்லாம் வாழ்நாள் முழுக்கக் கேலி செய்த உன்னையே அதற்குச் சாட்சியாக்கினார்கள். அப்போதும் நான் சும்மா இருந்தேன். என் பழியை ராகு சுமந்தான், எனக்கு வசதியாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், திட்டுவதானால் திட்டு.

ஃபேக்டரி மூடியதும் நீ எமரால்டு ஊர்ப் பக்கம் தினக்கூலிக்குக் கொழுந்து பறிக்கப் போனாய். பக்கத்தில் இருப்பது தெரியும், எதிரில் இருப்பதுதான் தெரியாது. அந்தக் காலையிலும் பனி. பின்னால் வந்தவர்கள் கத்தினார்களாம். காட்டெருமை இடது பக்கமோ வலது பக்கமோ நின்றிருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும். பாதையில் நேர் எதிரே நின்றதாம்.

இன்று மத்தியானம் செல்வி நீ துண்டுகளைச் சேர்த்து வைத்த பிஸ்கட் டின்னைத் திறந்து ஒவ்வொரு துண்டாகப் படித்துக்கொண்டிருந்தாள். கிரகணத் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“மிஸ்ட்டு இருந்தா பயப்படாம பாக்கலாம்னு நீங்கதான் சொன்னீங்களாமே சித்தி. அம்மா சொல்லிச் சொல்லிச் சந்தோசப்படுவாங்க. நாளைக்கு அம்மா நின்ன எடத்துலயே நின்னு பாக்கோணும்” என்றாள்.

டீ போடுகிறேன் என்று அடுப்பங்கரைக்குள் போய்விட்டேன். அக்கா, நீ ஏன் அவளிடம் அழகை மட்டும் சொன்னாய்? உனக்கே தெரியாதா? தெரிந்தும் எனக்காக மறைத்தாயா? டாக்டர் முன்னால் என் விரலை அழுத்தியவளுக்குத் தெரியாமலா இருக்கும்? நீ என்னைக் காப்பாற்றப் போய் உன் பிள்ளையை அதே மேடைக்கு அனுப்பப் பார்க்கிறாய்.

இப்போது மணி நாலு. செல்வி பால் வாங்கப் போயிருக்கிறாள். பனி வாசல்படி வரை வந்துவிட்டது. வானொலியில் நாளைக்கும் இப்படித்தான் இருக்கும் என்றார்கள். இந்தக் கடிதத்தை உன் படத்துக்கு முன்னால் வைப்பதாக இருந்தேன். வைக்கப்போவதில்லை. செல்வி வந்ததும் எதிரே உட்காரவைத்து முதல் வரியிலிருந்து படித்துக் காட்டுவேன். அதற்கப்புறம் அவள் என்னைச் சித்தி என்று கூப்பிடாமல் போகலாம். போகட்டும். அவள் என் முகத்தை முழுசாகப் பார்த்துத் திட்டட்டும்.

நாளை அவள் பிடிவாதம் பிடித்தால் மேடைக்கு நானும் போவேன். இந்த முறை செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டேன். சூரியனுக்கு முதுகைக் காட்டி அவளுக்கு நேர் எதிரே நிற்பேன், கண்ணை இரண்டு கையாலும் பொத்தியாவது நிறுத்துவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

பாதையில் காலடிச் சத்தம் கேட்கிறது. செல்விதான் என்று நினைக்கிறேன். பனியில் ஒன்றும் தெரியவில்லை. கதவைத் திறக்கப் போகிறேன்.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
கனகா