மேசையில் கவிழ்த்த பை

அன்பு மனைவிக்கு,

நானும் உன் சுண்டெலி மகளும் நலம். நலம் என்று எழுதத்தான் கை வருகிறது. முழு நலம் இல்லை. நீ பதறும்படி ஒன்றுமில்லை, முடிந்துவிட்டது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் என் முதுகில் ஒட்டிக்கொண்டுதானே உன்னோடு பேசுகிறாள், அவள் காதுபட எப்படிச் சொல்வேன்? அதனால்தான் கல்யாணத்துக்கு முன் எழுதியதற்குப் பிறகு இப்போது மறுபடியும் கடிதம். கையெழுத்து இன்னும் கோழி கிளறியது போலத்தான் இருக்கிறது, பொறுத்துக்கொள்.

போன வாரம் இவள் வகுப்பில் வைத்திருந்த பள்ளிக் கேமரா காணாமல் போனது. இடைவேளையில் நம் சுண்டெலியும் இன்னும் சிலரும் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். வகுப்பாசிரியை இவளை மட்டும் முன்னால் கூப்பிட்டு, பையை மேசையில் கவிழ்த்துத் தேடியிருக்கிறார். டப்பா திறந்து சாப்பாடு புத்தகங்கள் மேலெல்லாம் கொட்டிவிட்டது. உன் போட்டோ ஒன்றை அவள் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருப்பது எனக்கே தெரியாது. அதுவும் எல்லார் முன்னாலும் விழுந்திருக்கிறது. கேமரா இல்லை. "சரி, போய் உட்காரு" என்றாராம். அவ்வளவுதான்.

சாயங்காலம் கேமரா தலைமை ஆசிரியரின் காரிலேயே கிடைத்தது. அவரே எடுத்துப்போய் மறந்திருக்கிறார். அதை யாரும் வகுப்பில் வந்து சொல்லவில்லை. இவளும் வீட்டில் வாயே திறக்கவில்லை.

அவள் தோழியின் குடியிருப்புக்கு நான் லிஃப்ட் பழுது பார்க்கப் போனபோது, தோழியின் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. லிஃப்டை அப்படியே நிறுத்தி, பழுது என்ற பலகையை மாட்டிவிட்டு, கிரீஸ் கையோடு பள்ளிக்குப் போனேன். மேல்மாடிக்காரர்கள் அன்று படியேறிப் படியேறி என் பரம்பரையையே திட்டியிருப்பார்கள்.

நான் போட்ட சத்தத்தில் தலைமை ஆசிரியர் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். ஆசிரியையைக் கூப்பிட்டு நிறுத்தி, "இவங்க தற்காலிக வேலைதான் சார். இன்னியோட அனுப்பிடறேன். நீங்க மனசுல வச்சுக்காதீங்க" என்றார். நான் கேட்டு வந்ததற்கு மேலேயே கிடைத்துவிட்டது. ஆனாலும் வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. அந்தப் பெண் உன் தங்கை வயதுதான் இருப்பார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வராந்தாவில் என் பின்னாலேயே வந்தார். வேலைக்காகக் கெஞ்சப் போகிறார் என்று நினைத்தேன். "தேடச் சொன்னது ஹெட்மாஸ்டர்தான் சார். ஆனா உங்க பொண்ணு பையைத்தான் பாக்கணும்னு முடிவு பண்ணது நான். அம்மா ஊர்ல இல்ல, வந்து கேக்க ஆள் இருக்காதுன்னு தோணுச்சு" என்றார்.

இந்த வரியை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீ உன்னையே நொந்துகொள்ளாதே. எனக்குக் கோபம் முன்னைவிட ஏறியது. ஆனால், பொய் சொல்லித் தப்பிக்காமல் நிற்கிற முகத்தை என்ன செய்வது?

வீட்டுக்கு வந்து, டீச்சரை என்ன செய்யலாம் என்று சுண்டெலியிடமே கேட்டேன். நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "அனுப்ப வேணாம்ப்பா. அனுப்பிட்டா என்னாலதான் போனாங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க. எல்லார் முன்னாடியும்தானே பண்ணாங்க? எல்லார் முன்னாடியும் சொல்லட்டும்" என்றாள்.

மறுநாள் அதையே போய்க் கேட்டேன், இரண்டு பேரும் சொல்ல வேண்டும் என்று. "டீச்சர் மட்டும் சொன்னா போதாதா?" என்று தலைமை ஆசிரியர் மழுப்பினார். போதாது, இல்லையென்றால் கல்வி அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பேன், முதல் வரியிலேயே உங்கள் கார் வரும் என்றேன். எனக்கு எங்கிருந்துதான் அப்படிப் பேச வந்ததோ!

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் ஆசிரியை, தான் செய்தது தப்பு என்று இவள் பெயரைச் சொல்லித் தெளிவாகச் சொன்னார். தலைமை ஆசிரியர் மைக்கை விட்டுத் தள்ளி நின்று, "சின்னக் குழப்பம்" என்று ஏதோ முணுமுணுத்தார். யாருக்கும் வேலை போகவில்லை.

உன் அண்ணன், "நீங்க ரொம்ப விட்டுக் கொடுத்துட்டீங்க மாப்பிள்ளை" என்கிறார். மாடி வீட்டு அக்கா, "பாவம், அந்தப் பொண்ணை அத்தனை பேர் முன்னாடி நிக்க வச்சிருக்க வேணாம்" என்கிறார். இரண்டும் சரி என்றே படுகிறது. நேற்று மழையில் அந்த ஆசிரியை பஸ் நிறுத்தத்தில் நனைந்துகொண்டிருந்தார். ஏற்றிக்கொள்ளலாம் என்று வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். நிறுத்தாமல் வந்துவிட்டேன். குறைத்ததற்கும் நிறுத்தாததற்கும் வீடு வரை என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

சுண்டெலியிடம் என் குழப்பமெல்லாம் இல்லை. "அவங்க இருக்கட்டும்ப்பா. ஆனா மன்னிச்சுட்டேன்னு மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதீங்க" என்கிறாள். சரி என்றேன். சரிதானே?

நீ பார்த்துக்கொள்ளும் அந்த வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா? நீ ராத்திரி கண் விழிப்பதைக் குறைத்துக்கொள். போனில் இவளிடம் இதைப் பற்றி நீயாகக் கேட்காதே. அவளாகச் சொன்னால், அறிவுரை எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொள்.

முடிந்தால் விடுப்புக் கிடைக்குமா என்று அவர்களிடம் விசாரித்துப் பார். அவசரமில்லை என்று அடுத்து எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன், மேலே மை அப்பியிருப்பது அதுதான்.

என்றும் உன் நினைவோடு,
உன் கணவன்