ஆண் தேனீக்கு ஜோடி இல்லை

உங்களுக்கு என் அன்பு. அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, கோபம்தான் இன்னும் இறங்கவில்லை.

எந்தத் தேனீ இனம் எதிலிருந்து பிரிந்தது என்று பார்க்க, தேனீப் புழுவின் மூளையைக் கீறி எடுத்து, மருந்தில் ஊறவைத்து, கண்ணாடித் தகட்டில் சொட்டி, சாயமேற்றிக் குரோமோசோம்களைப் பிரித்து வைத்திருந்தேன். நிர்வாகத்திலிருந்து வந்த புது இயக்குநர் நுண்ணோக்கியில் எட்டிப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும், "எல்லாம் ஒத்தை ஒத்தையா நிக்குதே, ஜோடியில பாதியத் தொலைச்சிட்டியாம்மா?" என்றார். கெட்டுப்போன தகடுகளைக் குப்பையில் போடவும் சொன்னார்.

என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே.

"சார், இது ஆண் தேனீ. அதுக்கு அப்பாவே கிடையாது. அம்மா குடுத்த ஒரு பங்கு மட்டும்தான். தெரியலன்னா கேளுங்க, குப்பையில போடச் சொல்லாதீங்க" என்றேன். ஒற்றையாக இருப்பது ஒரு குறையே இல்லை என்று அடித்துச் சொன்னேன். மனிதர் முகம் சுண்டிப்போய்விட்டது. வேலை போகாது, பயப்படாதீர்கள்.

தகடுகளை என் மேசையில் வைத்துப் பூட்டிவிட்டேன். நுண்ணோக்கியை மூட உங்கள் பழைய பருத்திச் சட்டை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். ஏனென்று மட்டும் கேட்காதீர்கள், பதில் சொல்லும் பொறுமை இன்று எனக்கு இல்லை.

உங்கள் வாயாடி