அண்ணன் ஒட்டின இறக்கை

என் ஆசை அண்ணனுக்கு,

பயந்துக்கினேதான் எழுதறேன். நீ இருந்திருந்தா, "இன்னாடி எஸ்தரு, கரப்பான் கிரப்பான் பாத்தியா?"ன்னு கிண்டல் பண்ணியிருப்ப. கரப்பான் இல்லண்ணே. நீ பாதியில உட்டுட்டுப் போன பொம்ம ஏரோப்ளேன் என் கையில இருக்கு. அதான் பயம்.

வர்ற ஞாயித்துக்கிழமை உனக்கு வருஷ ஜெபம். எளாவூர் செக்போஸ்ட்டாண்ட அந்த லாரி உன் பைக்கை இடிச்சி அதுக்குள்ள ஒரு வருஷம் ஆயிடுச்சி. உன் போட்டோ பக்கத்துல நீ செஞ்ச ஏரோப்ளேன் ஒண்ணு வைக்கணும்னு அண்ணி ஆசப்படறாங்க. "ஜெனி தன் அப்பா மொகத்தையே மறந்துக்கினு வருது எஸ்தரு. தொட்டுப் பாக்க ஒண்ணாவது வேணும் அதுக்கு"ன்னு சொல்லி அழுதுட்டாங்க. உன் பொண்ணுக்கு நாலு வயசுதான் ஆவுது, அது இன்னா பண்ணும்?

நான் எங்க போய்த் தேடுவேன் சொல்லு! பிளாஸ்டிக் துண்டெல்லாம் ஒட்டி, பெயிண்ட் அடிச்சி, ஒரு ப்ளேன முடிச்சதும் நல்லாருக்குன்னு எவன் சொன்னாலும் அவன் கையிலயே தூக்கிக் குடுத்துடுவ. மிஞ்சினது பீரோ மேல இருந்த அந்த ஸ்பிட்ஃபயர்ங்கற சண்ட ஏரோப்ளேன் டப்பா ஒண்ணுதான். நாம சின்னப்பசங்களா இருக்கசொல்ல மாமா பர்மா பஜார்ல வாங்கியாந்தது. பிரிக்க மனசு வராம பொத்திப் பொத்தி வெச்சிருந்தியே. போன வருஷம்தான் ஜெனிக்குன்னு சொல்லிப் பிரிச்ச. இறக்கைய ஒட்டிட்டு, "காயட்டும், நான் வந்ததும் நீ தேய்க்கலாம்"னு சொல்லிட்டு டூட்டிக்குக் கெளம்பின.

நீ ஒட்டணும், நான் தேய்க்கணும், அதான நம்ம பழக்கம்? உப்புத்தாளும் கையுமா இருக்கறேன்னு என்னையே உப்புத்தாள்னு கூப்புடுவ.

டப்பாவத் தெறந்து பாத்தேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல நான் பாக்கறதே குவாலிட்டி வேலதான். பிளாஸ்டிக் சாமான்ல பிசிறு, பள்ளம், வளைசல் இருந்தா எடுத்து ரிஜெக்ட் பண்ற கண்ணுண்ணே இது. உன் ஸ்பிட்ஃபயர்ல எல்லாமே இருக்கு! ஆஸ்பெஸ்டாஸ் கூரை சூட்டுல ஒரு இறக்கை வளஞ்சிருக்கு. தண்ணியில ஊறவெச்சி ஒட்டுற ஸ்டிக்கரெல்லாம் மஞ்சள் பூத்துப்போச்சி. ஒரு ஓரத்த நனைச்சேன், பொடிப்பொடியா உதிந்துடுச்சி.

பிரவுசிங் சென்டர்ல போய்த் தேடினேன். உலகம் பூரா இதே சண்டதாண்ணே. சின்ன வயசுல செஞ்ச பழசுதான் உசத்தின்னு ஒரு கோஷ்டி, போய்யா புதுசு எவ்ளோ துல்லியமா இருக்குன்னு இன்னொரு கோஷ்டி. நான் சென்னைக்கு ரயிலேறிப் போய் அதே ஸ்பிட்ஃபயர்ல புதுசு ஒண்ணு வாங்கியாந்தேன். நீ பாக்கணுமே! மருந்துக்குக்கூட பிசிறு கெடையாது. பசையே போடாம ரெண்டு பாதியும் சிக்குனு உக்காருது.

உண்மையச் சொல்றேன், புதுசையே செஞ்சி உங்கப்பா செஞ்சதுன்னு ஜெனி கையில குடுத்துடலாமான்னு நெனச்சேன். அவளுக்கு இன்னா தெரியப்போவுது? புதுசு கெட்டா இன்னொண்ணு வாங்கிக்கலாம். உன்னுது கெட்டா நான் எந்தக் கடையில போய்க் கேப்பேன்? ஆனா ஜெபம் பண்ற மேசையில ஒரு பொய்ய எப்படிண்ணே வைக்கிறது?

நேத்து ஷிஃப்ட் முடிச்சி வந்து, ஜன்னலோரமா உக்காந்து உன்னுதையே எடுத்தேன். இறக்கையில பசை வழிஞ்சி மேடா இருந்துச்சி. கை பாட்டுக்கு உப்புத்தாள எடுத்துத் தேய்க்க ஆரம்பிச்சிடுச்சி. தூள ஊதிட்டு வெளிச்சத்துல சாய்ச்சிப் பாத்தா, வரிவரியா ஏதோ தெரியுது.

ஏசப்பா! உன் கட்டவெரல் ரேக அண்ணே.

பசை பட்டா பிளாஸ்டிக் எளகும் இல்ல? காயறதுக்கு முன்னாடி நீ அழுத்திப் புடிச்சிருக்க. உன் வெரல் அப்படியே பதிஞ்சிருக்கு. எப்பவும் அப்படித்தான பண்ணுவ, நானும் திட்டிக்கினே தேய்ச்சி எடுப்பேன். இப்பவும் பாதியத் தேய்ச்சிட்டேன். பாதி போயிடுச்சிண்ணே. ஐயோன்னு கத்திட்டேன். அண்ணி ஓடியாந்து, "இன்னா ஆச்சி, வெரல அறுத்துக்கினியா?"ன்னு கேக்கறாங்க. நான் இறக்கையத் தூக்கிக் காட்டினேன்.

அதுக்குள்ள ஜெனி பூந்து அதுமேல தன் சின்ன வெரல வெச்சிட்டா. "அப்பா இங்கதான் புடிச்சாரா அத்தே?"

தொட்டுத் தொட்டு மிச்சமும் தேஞ்சிடுமேன்னு அவ கையத் தட்டிவிடப் போனேன். அண்ணிதான், "உடு எஸ்தரு. தொடறதுக்குத்தான கேட்டுச்சி"ன்னு தடுத்தாங்க.

புது டப்பா ஸ்டிக்கர உன் ப்ளேனுக்கே ஒட்டிடறேன், அளவு ஒண்ணுதான். வளஞ்ச இறக்கைய நிமித்த மாட்டேன், சூடு காட்ட பயமா இருக்கு. பெயிண்ட்ல கலக்கற தின்னர் பட்டா ரேக கரைஞ்சிடும், அதனால அந்த இடத்துக்குப் பெயிண்டும் கெடையாது. கம்பெனியில இப்படி ஒண்ணு வந்தா நானே தூக்கி ரிஜெக்ட்ல போடுவேன். ஞாயித்துக்கிழம அதுதான் உன் போட்டோ பக்கத்துல நிக்கும்.

பயம் இன்னும் போவலண்ணே. தெனம் காலையில எழுந்ததும் அந்த வெரல் இருக்குதான்னு பாப்பேன்னு நெனைக்கிறேன். ஜெனி தொட்டுத் தொட்டு அது தேஞ்சா தேயட்டும், அவ அப்பா அவளுக்கு. ஆனா என் கையால இனிமே அதுல ஒரு வரிகூட அழியாது. சத்தியம்.

தேய்க்கிறத நிறுத்திட்ட,
உன் உப்புத்தாள் தங்கச்சி,
எஸ்தர்