மேகன் ஆடப்போகும் நான்காம் காட்சி

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் பனி. ஸ்கூட்டர் இருக்கை நனைந்து கிடந்தது. மனைவி ஜெபாவுக்கு இருமல் மருந்து. பல் டாக்டர் வியாழக்கிழமை.

தலைமையாசிரியர் போன். சனிக்கிழமை காலை பத்தரைக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் மேகனின் நாடகம். வேல்ஸிலிருந்து நேற்றே வந்து இறங்கிவிட்டாளாம். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. இரண்டு வருடம் முன்பு, அவள் குடும்பத்தில் பிறந்து இங்கே மிஷன் பள்ளியில் பாடம் சொல்லிச் செத்துப்போன ஒருத்தியின் கல்லறையைத் தேடி வந்தாள். மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் அவளுக்கு வாயும் காதும் நான்தான்.

“சார், நோட்டீசுக்கு அந்தம்மாவப் பத்தி ஒரு பக்கம் எழுதித் தந்திருங்க. ஒங்களவிட யாருக்குத் தெரியும்?”

நாடகத்தைத் தமிழாக்கியது முத்துலட்சுமி. என் மாணவி. அதற்கு நான் வேண்டாம். கன்வென்ஷன் மேடையில் இருபது வருடம் வெள்ளைக்காரப் பிரசங்கிமார் பக்கத்தில் நின்று வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னவன் நோட்டீசு எழுதலாம். எழுதுகிறேன்.

ஜனவரி 7, புதன்

குறிப்பு, முதல் பிரதி:

மேகன். வயது நாற்பத்தொன்பது. வேல்ஸில் கற்பலகை வெட்டும் மலையூர். அப்பா பஸ் டிரைவர். ஐந்து வயதில் சபைப் பாட்டுப் போட்டியில் மேடையேற்றம். பின்பு நாடகப் பள்ளி. அங்கே அவள் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரித்தார்கள். வேல்ஷ் மொழித் தொலைக்காட்சித் தொடரில் பதினோரு வருடம் நர்ஸ். நாற்பது வயதானதும் கதையில் லாரி ஏற்றிக் கொன்றுவிட்டார்கள். அதன்பின் வேடம் தருவார் இல்லை. தனக்கு வேண்டிய வேடங்களைத் தானே எழுத ஆரம்பித்தாள். ஆறு நாடகங்கள். எல்லாம் முதலில் வேல்ஷில். எல்லாவற்றிலும் ஒற்றை ஆள்.

(‘ஆரம்பித்தாள்’ என்பதை ‘ஆரம்பித்தார்’ ஆக்க வேண்டும்.)

நோட்டீசில் எழுத முடியாதது: குறிப்பேடே வைத்துக்கொள்ளமாட்டாள். பேசுகிறவர்கள் கையையே பார்ப்பாள். சாயங்காலம் அந்த ஆளாகவே நடந்துகாட்டுவாள். முக்கூடலில் வெண்டைக்காய் விற்றவள் மாதிரி எங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்து ஜெபாவிடம் பேரம் பேசினாள். ஜெபாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல். மறுநாள் என்னைப் போலவும் நடித்துக்காட்டினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, பதிலை யோசிப்பது போல. நானும் சிரித்தேன். பிடிக்கவில்லை.

மாலை, சாத்தான்குளத்திலிருந்து என் கூடப்பிறந்த கிரேஸ் அக்கா போன்.

“லே தம்பி, வெள்ளக்காரி வந்து நாடகம் போடுதாளாமே. எனக்கும் ஒரு இடம் பிடிச்சு வை. காலைல மொத பஸ்ஸுக்கு வாரேன். மத்தியானம் ஒன் வீட்லதான் சாப்பாடு.”

“வாங்கக்கா.”

அப்பா படம் மாட்டிய இந்த வீட்டுக்கு அக்கா தானாக வருகிறேன் என்பது பெரிய விஷயம். ஜெபா உடனே மசாலா சாமான் பட்டியல்.

ஜனவரி 8, வியாழன்

வெயில். பல் டாக்டரிடம் போகவில்லை.

பிழை பார்த்துத் தருகிறேன் என்று முத்துலட்சுமியிடம் தமிழ்ப் பிரதியை வாங்கினேன். பிழை இல்லை. அதுவே எரிச்சல்.

நான்காம் காட்சி. மலையூர் வீடு. அக்கா, வீட்டுக்குப் பிடிக்காதவனைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறாள். குடும்ப வேதப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் அப்பா எழுதிவைத்த பிறப்புப் பட்டியல். அதிலிருந்து அவள் பெயரைத் தம்பி அரை பிளேடால் வெட்டி எடுக்கிறான். ஓட்டை தெரியாமலிருக்க ஞாயிறு ஓய்வுநாள் பள்ளியில் கொடுத்த வேதவசன அட்டையை மேலே ஒட்டுகிறான். ஆட்டுக்குட்டி படம் போட்டது. பல வருடம் கழித்து அக்கா கேட்கும்போது, “அப்பா செய்தது” என்கிறான்.

மூன்று தடவை படித்தேன். ஆட்டுக்குட்டியைக்கூட மாற்றவில்லை.

எல்லாம் மாஞ்சோலை போகிற பஸ்ஸில் நானே மேகனிடம் சொன்னது. எங்களைப் போலவே அவர்கள் வீடுகளிலும் வேதப்புத்தகத்தில் பிள்ளைகள் பெயர் எழுதுவார்களாம். அவள் தன் வீட்டுக் கதையைச் சொன்னாள், நான் என் வீட்டுக் கதையைச் சொன்னேன். கையில் பேனா இல்லாதவளிடம் சொன்னால் காற்றோடு போய்விடும் என்று நினைத்தேன். காகிதத்தை மட்டுமே நம்பிப் பிழைக்கிறவன் செய்கிற தப்பு.

இங்கேயாவது ஒழுங்காக எழுதுகிறேன். அக்கா ஓர் இந்துவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அத்தான் நல்ல மனுஷர், அது வேறு. அடுத்த வாரமே எனக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தத்தை, “இப்படிப்பட்ட வீடா” என்று பெண்வீட்டார் முறித்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. அந்த ஆத்திரத்தில் வெட்டினேன். அப்பா சொல்லி இல்லை. அப்பா பார்த்தார், புத்தகத்தை மூடிவைத்தார்.

அப்பா இறந்த அன்று வந்த அக்கா, அந்த அட்டையை விரலால் தடவி, “யாருலே செஞ்சது?” என்றாள்.

“அப்பா” என்றேன். பக்கத்து அறையில் அப்பா பெட்டியில் படுத்திருந்தார்.

ஆறு வருடம். கல்லறைத் திருநாளுக்கு அம்மாவுக்குப் பூ வைக்கிறாள். ஓரடி தள்ளி அப்பா. அந்தப் பக்கம் திரும்புவதில்லை. என்னோடு மட்டும் பேசுகிறாள். எனக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு அக்காதான்.

ஜனவரி 9, வெள்ளி

காலையில் மேகன் தங்கியிருக்கும் விடுதி. பார்த்ததும் கட்டியணைத்தாள். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், கையால், சரியாக. ஆங்கிலத்தில் பேசினோம்.

“உன்னை நம்பிச் சொன்னேன்.”

“உன் மொழியில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள், இங்கே யார் படிக்கப்போகிறார்கள் என்று நீதான் சொன்னாய்.”

சொன்னேன்தான். மலை இறங்கும்போது, சிரித்துக்கொண்டு. அதெல்லாம் அனுமதியா? வேல்ஷில் எழுதியது வேல்ஷிலேயே கிடக்கும் என்றுதான் எவனும் நினைப்பான். அது ஆங்கிலமாகி, என் மாணவி கையில் தமிழாகி, என் தெருமுனைக்கே வரும் என்று எவன் கண்டான்?

வெட்டுவது அப்பா என்று மாற்றச் சொன்னேன்.

“அப்பா வெட்டினால் எனக்கு அதில் நடிக்க ஒன்றுமில்லை.”

அந்த அட்டையையாவது எடுத்துவிடு என்றேன். அக்கா வருகிறாள் என்பதையும் சொன்னேன். சட்னியைத் தள்ளி வைத்தாள்.

“அவன் ஓட்டையை மூடப் பார்க்கிறான் பார், அதனால்தான் எனக்கு அவனைப் பிடிக்கும்.”

பிடிக்குமாம். என் வீட்டில் மூன்று மாதம் சாப்பிட்டவள்.

மேகன் மேடையில் ஆங்கிலமும் வேல்ஷுமாகப் பேசுவாள், தமிழ் வரிகள் பின்னால் திரையில் ஓடும். முத்துலட்சுமியிடம் போய், அட்டை வரும் வரியை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.

“சார், ஒரு சொல்லயும் முழுங்கக் கூடாதுன்னு வகுப்புல நீங்கதான சொன்னிய?”

“சூழ்நிலைன்னு ஒண்ணு இருக்கும்மா.”

“அந்தம்மா மேடைலயே ஒட்டிக் காட்டுதாங்க. தெரைல இல்லாட்டித் தெரியாதா?” என் முகத்தைப் பார்த்து, “ஏன் சார்?” என்றாள்.

பல் வலி என்று சொல்லி ஸ்கூட்டரை எடுத்தேன்.

அக்காவுக்குப் போன். “நாடகம் சுமார்தானாம்க்கா. பாஷை வேற. அலைச்சல் எதுக்கு?”

“புரியாட்டி நீ சொல்லமாட்டியா? ஊருக்கெல்லாம் மொழிபெயர்க்கியே, அக்காவுக்குன்னா வாய் வலிக்குமோ?”

கோழி ஒரு கிலோ. தயிர். வாழையிலை. இடது கடைவாய்ப் பல் வலி.

ஜனவரி 10, சனி. மத்தியானம் இரண்டு மணி

மண்டபத்தில் முக்கால்வாசி கூட்டம். அக்கா என் இடப்பக்கம். புதுச் சேலை. நான் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு, “லாரி ஏத்திக் கொன்னுட்டானுவளா? அடப் பாவமே” என்று சிரித்தாள்.

மூன்றாம் காட்சி வரை நோட்டீசால் விசிறிக்கொண்டிருந்தாள்.

நான்காம் காட்சி. மேகன் நன்றாகத்தான் நடித்தாள். சொல்லத்தான் வேண்டும். பிளேடை எடுக்குமுன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அட்டையை ஒட்டி உள்ளங்கையால் அழுத்தியபோது விசிறுவது நின்றது. அக்கா மேடையைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த வரி போன பிறகும்.

முடிந்ததும் கேள்வி நேரம். முத்துலட்சுமி பின்னால் கணினியோடு இருந்ததால் தலைமையாசிரியர் மைக்கில், “நம்ம சாரே மேடைக்கு வந்து மொழிபெயர்ப்பாங்க.” கைதட்டல். இதற்குத்தானே ஆசைப்பட்டேன்.

இரண்டு பேர் ஏதோ கேட்டார்கள். மூன்றாவதாக அக்கா எழுந்தாள்.

“அந்தத் தம்பி பொறவு அக்காட்ட உண்மையச் சொன்னானா?”

ஆங்கிலத்தில் சொன்னேன். மேகன் அக்காவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். இன்னும் சொல்லவில்லை. வருடா வருடம் கல்லறைத் தோட்டத்தில் அக்காவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். செத்தவர் மேல் பழி போட்டவனுக்குப் பிரார்த்தனை செய்யவும் வாய் வருவதில்லை என்று என்னிடம் சொன்னான். அவன் சொல்லிவிட்டால் இந்தக் காட்சியை நான் மாற்றி எழுதிவிடுவேன்.

மைக்கை வாங்கினேன்.

“இது வெறும் கற்பனைக்கதை.”

கைதட்டினார்கள். மேகனுக்கு அவ்வளவு தமிழ் தெரியாது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆட்டோவில் அக்கா நோட்டீசை நாலாக மடித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து கால் கழுவி, நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினாள்.

“அந்தப் பிள்ள எவ்ளோ நேரம் பேசிச்சு. கண்ணு கலங்கிப் பேசிச்சு. நீ மூணே வார்த்தைல முடிச்சிட்ட. கன்வென்ஷன்ல ஒத்த ஆமென்னக்கூட விடமாட்டியேலே.”

நான் ஜெபாவைப் பார்த்தேன்.

“அவளப் பாக்காத. என்னைப் பாரு. அந்தப் பிள்ள சொன்னத முழுசாச் சொல்லு.”

கை கழுவிவிட்டு வருகிறேன் என்று இந்த அறைக்கு வந்து இருபது நிமிடம். கையும் கழுவவில்லை. மேகன் மேல் குறையாக நான் எழுதிவைத்திருப்பதையெல்லாம் திருப்பிப் படித்தேன். அத்தனையும் நியாயம். ஒன்றும் உதவாது.

ஜெபா கதவைத் தட்டினாள். “என்னங்க நடக்கு? எல போட்டு கோழி வச்சாச்சு, தொடமாட்டேங்காங்க. ஒங்க அப்பா போட்டோவச் செவுத்துல இருந்து கழத்தி மடில வச்சிட்டு உக்காந்திருக்காங்க.”